சி.பி. முத்தம்மா: வழக்கில் வென்றாரா, தோற்றாரா? பணிவாழ்வைச் சரியாக எழுத ஓர் இழை

#1 நெய்தல்

வணக்கம். ஓய்வுபெற்ற தூதர் சி.பி. முத்தம்மாவைப் பற்றித் தமிழில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை தயாராகிறது. இந்திய வெளியுறவுப் பணியில் (ஐ.எஃப்.எஸ்.) சேர்ந்த முதல் பெண், சென்னையில் படித்தவர், அரசாங்கத்தின் மேலேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர். இவ்வளவுக்கும் தமிழில் அவரைப் பற்றி இருப்பது நாலு வரிக் குறிப்புகள்தான், அவையும் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

முதலில் தேர்வு எழுதிய ஆண்டு. ஓரிடத்தில் 1948, இன்னோரிடத்தில் 1949. அடுத்தது கானா. சில குறிப்புகள் அங்கே அவரைத் தூதர் என்கின்றன, சில ஹை கமிஷனர் என்கின்றன. எல்லாவற்றையும்விடக் குழப்பமாக இருப்பது வழக்கு. பாதிப் பேர் "வரலாற்று வெற்றி" என்று எழுதுகிறார்கள், தீர்ப்பின் கடைசியிலோ மனு தள்ளுபடி என்று இருக்கிறது. கோப்புகளும் சட்டமும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 கோப்புக்கட்டு

பிறப்பிலிருந்து வரலாம். 1924 ஜனவரி 24, குடகின் விராஜ்பேட்டை. முழுப்பெயர் சோனிர பெள்ளியப்பா முத்தம்மா. தந்தை வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தவர் தாய். மடிக்கேரி செயின்ட் ஜோசப் பள்ளி, பிறகு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி, அதன்பின் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ.

ஒரு சின்ன எச்சரிக்கை. "கர்நாடகத்தில் பிறந்தவர்" என்று எழுதாதீர்கள். அப்போது குடகு தலைமை ஆணையர் ஆட்சியில் இருந்த தனிச் சிறு மாகாணம். மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது 1956இல்தான்.

தேர்வு ஆண்டில் உண்மையில் முரண்பாடு இல்லை. எழுதித் தேறியது 1948, பணியில் சேர்ந்த தொகுதி (பேட்ச்) 1949. இரண்டையும் போடுங்கள். "யூ.பி.எஸ்.சி. தேர்வில் வென்றார்" என்பதிலும் கவனம் வேண்டும். 1948இல் அந்த அமைப்பின் பெயர் கூட்டாட்சிப் பணியாளர் தேர்வாணையம். யூ.பி.எஸ்.சி. என்ற பெயர் 1950 ஜனவரி 26 முதல்தான். "பின்னாளில் யூ.பி.எஸ்.சி. ஆன ஆணையம்" என்று எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

நேர்முகத் தேர்வுக் குழு வெளியுறவுப் பணி வேண்டாம் என்று அவரைத் தடுத்துப் பார்த்தது. அவர் அசையவில்லை. சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. முதல் அயல்நாட்டுப் பணி பாரிஸ்.

#3 பிரிவு32

வழக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.பி. முத்தம்மா எதிர் இந்திய ஒன்றியம். தீர்ப்பு நாள் 1979 செப்டம்பர் 17. நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ண ஐயர், பி.என். சிங்கல். எழுதியவர் கிருஷ்ண ஐயர். சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் ஏ.ஐ.ஆர். 1979 எஸ்.சி. 1868 என்றோ (1979) 4 எஸ்.சி.சி. 260 என்றோ தேடினால் கிடைக்கும். சில பக்கங்கள்தான், கட்டுரை எழுதுகிறவர் முழுதாகப் படித்துவிடுவதே நல்லது.

மனுவில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருந்தன. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் இணையக் குறிப்புகள் எல்லாம் குழம்புகின்றன.

ஒன்று, பதவி உயர்வு. ஐ.எஃப்.எஸ்.ஸின் கிரேடு 2இல் இருந்தவரைக் கிரேடு 1க்குத் தகுதியில்லை என்று தேர்வுக் குழு ஒதுக்கியது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். பெண்கள் என்றாலே குழுவுக்கு இருந்த மனத்தடைதான் காரணம் என்பது அவர் வாதம்.

இன்னொன்று, விதிகள். 1961ஆம் ஆண்டின் நடத்தை மற்றும் ஒழுங்கு விதிகளில் 8(2): பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும், திருமணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், ராஜினாமா கேட்கலாம். அதே ஆண்டின் ஆட்சேர்ப்பு, முதுநிலை (பணிமூப்பு), பதவி உயர்வு விதிகளில் 18(4): மணமான பெண் எவருக்கும் இப்பணியில் நியமனம் பெற உரிமை கிடையாது.

விதிகளின் ஆண்டைக் கவனியுங்கள், 1961. முத்தம்மா கையெழுத்திட்டது 1949இல். ஆகவே "8(2) விதியின்படி உறுதிமொழி கொடுத்தார்" என்று எழுதினால் அது காலப்பிழை. உறுதிமொழி முந்தையது. அதே மனப்பாங்கு பிறகு விதியாக அச்சேறியது. அவ்வளவுதான் சொல்லலாம்.

இனி நடந்தது. மனு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குக் கிரேடு 1 கொடுத்து, நெதர்லாந்தின் ஹேக் நகரில் தூதராக நியமித்தது. 18(4) விதி 1973 நவம்பர் 12 அன்றே நீக்கப்பட்டுவிட்டது என்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. 8(2) நீக்கப்பட்டு அரசிதழில் வரப்போகிறது என்றது. அரசுக்காக வாதாடியவர் சாலிசிட்டர் ஜெனரல் சோலி சொராப்ஜி.

கேட்ட பதவி உயர்வு கிடைத்தாயிற்று, எதிர்த்த விதிகள் போயின அல்லது போகின்றன. தீர்ப்புச் சொல்ல உயிருள்ள தகராறு மிச்சமில்லை. அதனால்தான் தள்ளுபடி. "மனுவைத் தள்ளுகிறோம், பிரச்சினையைத் தள்ளவில்லை" என்று தீர்ப்பே சொல்கிறது.

#4 மணிமேகலை_கோவை

அண்ணா, இரண்டு சந்தேகம். உயர் நீதிமன்றம் போகாமல் நேராக உச்ச நீதிமன்றம் எப்படிப் போனார்? பதவி உயர்வே கிடைத்துவிட்டது என்றால் நீதிமன்றம் அவருக்கென்று தனியாக என்னதான் கொடுத்தது?

#5 பிரிவு32

@மணிமேகலை_கோவை அம்மா, அரசியல் சாசனத்தின் 32ஆம் பிரிவு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் குடிமக்கள் நேரடியாக உச்ச நீதிமன்றம் போகலாம். இங்கே மீறப்பட்டதாகச் சொன்னவை 14, 15, 16 பிரிவுகளில் வரும் சமத்துவம், பால் அடிப்படையில் வேறுபாடு காட்டாமை, அரசு வேலையில் சம வாய்ப்பு.

நீதிமன்றம் கொடுத்தது முதுநிலை மறுஆய்வு. முதல் மதிப்பீட்டில் தகுதியில்லை என்றார்கள், சில மாதங்களில் இரண்டாம் மதிப்பீட்டில் தகுதி உண்டு என்றார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு இளையவர்கள் உயர்ந்து அவருக்கு மேலே போய்விட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டு அவருடைய முதுநிலையை மறுபடி பார்க்கச் சொன்னது தீர்ப்பு. மறுஆய்வு செய்யச் சொன்னார்களே தவிர, இந்தத் தேதியிலிருந்து முதுநிலை என்று நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. கட்டுரையில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

#6 கோப்புக்கட்டு

"சில மாதங்கள்தானே" என்று படிக்கிறவர்கள் கடந்துபோகக் கூடாத இடம் இது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்று மத்திய அரசு ஓய்வு வயது 58. அறுபதானது 1998இல். 1924 ஜனவரியில் பிறந்தவருக்கு 58 நிரம்புவது 1982 ஜனவரி. 58 நிரம்பும் மாதத்தின் கடைசி நாளோடு பணி முடியும். 1982இல் ஓய்வு என்று எல்லாக் குறிப்பும் சொல்வது இதோடு பொருந்துகிறது. ஆக, தீர்ப்பு வந்த 1979 செப்டம்பரில் அவருக்கு மிச்சமிருந்தது இரண்டு ஆண்டு நாலு மாதம்.

வெளியுறவுப் பணியில் ஓர் இடத்தில் மூன்று ஆண்டு என்பது வழக்கமான அளவு. கிரேடு 1 இன்றைய கணக்கில் செயலாளர் நிலை. அந்த நிலைக்கு வந்தபின் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பெரிய பொறுப்பு, மிஞ்சினால் இரண்டு. வெளியுறவுச் செயலாளர் போன்ற உச்சப் பதவிக்கு யாரைப் பரிசீலிப்பது என்பதும் முதுநிலைப் பட்டியலில் யார் எங்கே நிற்கிறார், இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருபத்தைந்து ஆண்டு மிச்சமிருக்கிறவருக்குச் சில மாதத் தாமதம் ஒன்றுமில்லை. இரண்டு சொச்ச ஆண்டு மிச்சமிருக்கிறவருக்கு அது பணிவாழ்வின் முடிவையே மாற்றும். அவர் 55 வயதில் தன் அரசையே எதிர்த்து வழக்காடத் துணிந்ததன் கனம் இங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் இந்தக் கணக்கை ஒரு பத்தியாகவாவது வையுங்கள்.

#7 அகரன்

பிரிவு32 சொன்ன உண்மைகள் சரி. அதிலிருந்து "தள்ளுபடி ஆனாலும் வெற்றிதான்" என்ற முடிவுக்குப் போவதை நான் ஏற்கவில்லை. 8(2) விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை. அரசு தானே நீக்குகிறது என்று சொன்னதை ஏற்று நிறுத்திக்கொண்டது. அதற்கும் மேலே, எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுப்படையாகச் சொல்லவில்லை, சில வேலைகளின் தேவை கருதித் தேர்வு செய்ய நேரலாம் என்று ஒரு விதிவிலக்கையும் அதே தீர்ப்பில் எழுதிவைத்தது. அது திறந்துவைத்த கதவு.

விளைவு இரண்டே ஆண்டில் தெரிந்தது. 1981இல் ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மிர்சா. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பணியில் சேர்ந்து நாலு ஆண்டுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும் என்ற விதியைச் செல்லும் என்றது. முத்தம்மா வழக்கில் விதியைத் தெளிவாக ரத்து செய்து ஒரு கொள்கையை நிறுவியிருந்தால் இரண்டாவது முடிவு அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

#8 பிரிவு32

@அகரன் விதிவிலக்கு வாசகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். கட்டுரையிலும் அது வர வேண்டும். ஆனால் அதற்கு முன் வரும் பத்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்றால் அந்த நிலைமை ஆண் அதிகாரிக்கும் வரலாமே, பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று நேராகக் கேட்கிறது தீர்ப்பு. விதியில் இருப்பது அப்பட்டமான பாரபட்சம் என்கிறது. மற்ற பணிவிதிகளிலும் இத்தகைய பால் பாகுபாட்டுக் கறை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வழக்கு வரும்வரை காத்திராமல் அரசு தானே களைய வேண்டும் என்றும் சொல்கிறது. மனு உயிரோடு இல்லாதபோது ஒரு நீதிமன்றம் இவ்வளவு பேசுவதே அரிது.

"வெற்றி", "தோல்வி" இரண்டு சொல்லும் இல்லாமல் எழுதலாம். மனு தாக்கலானது, பதவி உயர்வு வந்தது, விதி நீக்கம் அறிவிக்கப்பட்டது, மனு தள்ளுபடியானது, முதுநிலை மறுஆய்வுக்கு ஆணை போனது. இந்த வரிசையைச் சரியாக வைத்தாலே போதும். வழக்குப் போட்ட பின்விளைவாகத்தான் உயர்வு வந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பே ஊகிக்கிறது. அதையும் ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

#9 அகரன்

இந்த வரிசையோடு எனக்கு உடன்பாடுதான். "விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது" என்ற வரி மட்டும் எங்கும் வரக்கூடாது. அது பாடப்புத்தகக் குறிப்புகள்வரை பரவியிருக்கிறது.

#10 நற்சான்று

தூதுப் பணி பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் நான்.

பாரிசுக்குப் பின் ரங்கூன், லண்டன், இடையே டெல்லி தலைமையகத்தில் பாகிஸ்தான், அமெரிக்கப் பிரிவுகள். 1970இல் ஹங்கேரிக்குத் தூதர். அதற்குமுன் விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் தூதராக இருந்தார், ஆனால் அவர் அரசியலிலிருந்து நியமிக்கப்பட்டவர். "இந்தியாவின் முதல் பெண் தூதர்" என்று முத்தம்மாவை எழுதினால் தவறு. "பணித்தேர்வு வழியாக வந்து தூதரான முதல் பெண்" என்பது சரி.

கானா: இந்தியாவும் கானாவும் காமன்வெல்த் நாடுகள். அவற்றுக்குள் தலைமைப் பிரதிநிதி ஹை கமிஷனர், அலுவலகம் ஹை கமிஷன். அதனால் அக்ராவில் அவர் ஹை கமிஷனர், புடாபெஸ்டிலும் ஹேக்கிலும் தூதர். அதிகாரமும் மரியாதையும் ஒன்றே. இதே கணக்கில் லண்டனில் இருப்பது ஹை கமிஷன். பர்மா 1948இல் விடுதலையானபோதே காமன்வெல்த்தில் சேரவில்லை, ஆகவே ரங்கூனில் தூதரகம்.

அடுத்தது தேதிகள். ஒரு தூதருக்கு ஒரே நியமனத்துக்கு மூன்று தேதி இருக்கும், அதனால்தான் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. முதலில் அனுப்பும் நாடு பெயரை ரகசியமாகத் தெரிவித்து ஏற்கும் நாட்டின் சம்மதம் கேட்கும். 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு இது. மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் சம்மதம் வரும்வரை பெயர் வெளியே வராது. சம்மதம் வந்தபின் டெல்லியில் அறிவிப்பு, இது முதல் தேதி. ஊர் போய்ச் சேர்வது இரண்டாவது. நாட்டுத் தலைவரிடம் நற்சான்றுக் கடிதம் கொடுப்பது மூன்றாவது. 13ஆம் பிரிவின்படி, அந்த நாட்டு வழக்கத்தைப் பொறுத்து, நற்சான்று கொடுத்ததும் பொறுப்பேற்றதாகலாம். அல்லது வந்து சேர்ந்ததை அறிவித்து, நற்சான்றின் நகலை அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தில் கொடுத்ததுமே ஆகலாம். பொறுப்பேற்ற தேதியும் நேரமும்தான் அந்த ஊர்த் தூதர்களுக்குள் யார் முந்தியவர் என்பதைத் தீர்மானிக்கும், அது 16ஆம் பிரிவு.

அறிவிப்புக்கும் நற்சான்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி வரும். ஆண்டு இறுதியில் அறிவித்து மறுவருடம் போய்ச்சேர்ந்தால் ஆண்டே மாறிவிடும். எந்தத் தேதியைப் போட்டாலும் அது எந்த நிகழ்வின் தேதி என்று சொல்லிப் போடுங்கள். தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் போதும், மாதம் வேண்டாம்.

#11 மணிமேகலை_கோவை

திருமண நிபந்தனை வெளியுறவுப் பணிக்கு மட்டும்தானா? அன்னா ராஜம் மல்ஹோத்ரா பற்றியும் இப்படிப் படித்த நினைவு.

#12 கோப்புக்கட்டு

ஐ.ஏ.எஸ்.ஸிலும் இருந்தது. அன்னா ராஜம் ஜார்ஜ் (மல்ஹோத்ரா என்பது திருமணத்துக்குப் பின் வந்த பெயர்) 1951 தொகுதி, முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி, சென்னை மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டவர். அவருடைய நியமன ஆணையிலேயே திருமணம் செய்தால் பணி முடியும் என்ற நிபந்தனை இருந்தது, சில ஆண்டுகளில் அது தளர்ந்தது. நேர்முகக் குழு அவரிடமும் வெளியுறவுப் பணி, மத்தியப் பணிகள் பக்கம் போகலாமே, பெண்ணுக்கு அவை ஏற்றவை என்றது. முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கு ஒரு பெண்ணைக் களப்பணிக்கு அனுப்பலாமா என்ற தயக்கம் இருந்தது. அன்னா ராஜம் வாதாடிக் களப்பணி பெற்று ஓசூரில் சப்-கலெக்டரானார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். முத்தம்மாவிடம் வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். மூன்றே ஆண்டில் அன்னா ராஜத்திடம் அதே பணிதான் பெண்ணுக்கு ஏற்றது என்றார்கள். இந்தப் பணி பெண்ணுக்கு ஆகும், ஆகாது என்பதற்கு வேலையின் தன்மையில் எந்த அடிப்படையும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முத்தம்மா கட்டுரையில் இதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அன்னா ராஜத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

#13 நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. ஓய்வுக்குப் பிந்தைய பகுதி மெலிந்து நிற்கிறது. பாமே ஆணையத்தில் உறுப்பினர் என்பதற்கு மேல் என்ன சேர்க்கலாம்?

#14 நற்சான்று

ஸ்வீடன் தலைவர் ஓலோஃப் பாமே 1980இல் தொடங்கிய ஆயுதக் குறைப்பு, பாதுகாப்புக்கான தன்னாட்சி ஆணையம் அது. அமெரிக்காவின் சைரஸ் வான்ஸ், மேற்கு ஜெர்மனியின் எகான் பார், சோவியத்தின் கியோர்கி அர்பாத்தோவ், நார்வேயின் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் போன்றவர்களோடு இந்தியாவிலிருந்து முத்தம்மா. அணு ஆயுதப் போரில் எந்தத் தரப்பும் வெல்ல முடியாது, எதிரியும் பாதுகாப்பாக இருந்தால்தான் நமக்கும் பாதுகாப்பு என்ற "பொதுப் பாதுகாப்பு" கருத்து 1982 அறிக்கையின் மையம். அந்த அறிக்கைக்கான வேலைக்காலம் 1980 முதல் 1982 வரை, அவர் ஓய்வு 1982 தொடக்கத்தில். அதனால் இதை "ஓய்வுக்குப் பிந்தைய பணி" என்ற தலைப்பின் கீழ் போடுவதைவிடத் தனிப் பத்தியாக வைப்பது பாதுகாப்பு.

2003இல் இந்திய ஆட்சியமைப்பை விமர்சிக்கும் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். குடகுச் சமையல் பற்றிய ஒரு நூலிலும் இணையாசிரியர். டெல்லியில் இருந்த தன் நிலத்தை அன்னை தெரசாவின் கன்னியர் சபைக்கு ஆதரவற்ற குழந்தைகளுக்காகக் கொடுத்தார். 2009 அக்டோபர் 14, பெங்களூரில் மறைவு, வயது 85. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் நிருபமா ராவ் வெளியுறவுச் செயலாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் 2001இல் சொகிலா ஐயர், நிருபமா இரண்டாமவர்.

#15 கோப்புக்கட்டு

மூலங்களை எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம். பணிக்கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் "முத்தம்மா" என்று மட்டும் தேடினால் போதாது. அன்றைய கோப்புகள் அவரைப் பெயரால் குறிக்காமல் "முதல் செயலாளர், இந்தியத் தூதரகம்" என்று பதவியாலேயே குறிக்கும். ஊர், பதவி, ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். 1993 பொது ஆவணங்கள் சட்டப்படி 25 ஆண்டு தாண்டிய கோப்புகள் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்றாலும் வெளியுறவுத் துறைக் கோப்புகள் பல தாமதமாகத்தான் வரும். கிடைக்கவில்லை என்றால் கோப்பே இல்லை என்று பொருளல்ல. நியமன அறிவிப்புகளுக்கு அரசிதழ், அந்தந்த ஆண்டின் அமைச்சக ஆண்டறிக்கை.

8(2) நீக்கப்பட்ட அரசிதழ் அறிவிப்பின் தேதி கட்டுரைக்கு அவசியம். தீர்ப்பில் "வரப்போகிறது" என்றுதான் இருக்கிறது. 1979 இறுதி முதல் அரசிதழின் பகுதி 2, பிரிவு 3இன் உட்பிரிவு (i)இல் தேடுங்கள், பொதுச் சட்டவிதிகள் அங்கேதான் அச்சாகும்.

#16 அகரன்

அதைக் கண்டுபிடிக்கிறவர் இங்கேயே எண்ணோடும் தேதியோடும் இடுங்கள். அது வரும்வரை கட்டுரையில் "நீக்கப்படவிருப்பதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

#17 நெய்தல்

அப்படியே வைக்கிறேன். வழக்குப் பகுதியை #8இல் உள்ள வரிசையிலும், தூதுப் பணியை ஆண்டு மட்டும் போட்டும், #6இன் ஓய்வுக் கணக்கைத் தனிப் பத்தியாகவும் அமைக்கிறேன். நூலகங்களில் பழைய அரசிதழ்க் கட்டு பார்க்க முடிகிறவர்கள் 1979 அக்டோபர் முதல் 1980 மார்ச் வரையிலான இதழ்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.